நான் யாருக்காவது முக்கியமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியையாக இருந்தேன். இப்போது வார இறுதிகளில் கோவில் மண்டபங்களிலும் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களிலும் குடும்பம், மனநலம் பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். சில சமயம் கோலாலம்பூர் வரை போவதுண்டு. தலைப்பு எதுவாக இருந்தாலும், பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்கப்படும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

1. "வேலை இருக்கு, சோறு இருக்கு, கடன் இல்ல. இதுக்கு மேல 'நான் முக்கியம்'னு வேற தோணணுமா? சுயநலமா தெரியலையா டீச்சர்?"

சுயநலம் இல்லை. பேச்சு வராத குழந்தைக்கே இது தேவைப்படுகிறது. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் தாயிடம், சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். தாய் எங்கும் போகவில்லை, கண்ணெதிரேதான் இருக்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் கொடுக்கிறது. எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்குகிறது. அது பாலுக்கு அழும் அழுகை இல்லை. தான் செய்யும் எதற்கும் தாயிடம் அசைவே இல்லையே என்ற தவிப்பு.

பெரிய பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்தவர் மாரிஸ் ரோசன்பர்க் என்ற சமூகவியலாளர். அவரும் கிளேர் மக்கல்லோவும் 1981இல் பதின்ம வயதினரைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெற்றோருக்குத் தாங்கள் முக்கியமில்லை என்று நினைத்த பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. அதன்பின் மாணவர்கள், ஊழியர்கள், முதியவர்கள் என்று பலரிடமும் செய்த ஆய்வுகள் இதே பக்கம்தான் சாய்கின்றன. கனடாவின் கோர்டன் ஃபிளெட் இந்த ஒரு விஷயத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்.

2. "நான் ஒருத்தருக்கு முக்கியமா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அவங்க மனசுக்குள்ள போய்ப் பார்க்க முடியுமா?"

முடியாது. அதனால்தான் எல்லோரும் அடையாளங்களைப் பார்த்து ஊகிக்கிறோம். ரோசன்பர்க் மூன்று அடையாளங்களைச் சொன்னார். ஒன்று கவனிப்பு: நான் வந்ததும் போனதும் ஒருவர் கண்ணில் படுகிறதா? அடுத்தது அக்கறை: எனக்கு நல்லது நடந்தால் அவருக்குச் சந்தோஷமா, கெட்டது நடந்தால் வருத்தமா? மூன்றாவது சார்பு: ஏதோ ஒன்றுக்காக அவர் என்னை நம்பியிருக்கிறாரா? நான்சி ஷ்லாஸ்பர்க் என்ற பேராசிரியர் 1989இல் இன்னொன்றையும் வலியுறுத்தினார். செய்ததை ஒருவர் உணர்ந்து, அதை நம்மிடம் காட்டுகிறாரா என்பது. நான் பேசும்போது நான்கையும் சேர்த்தே சொல்வது வழக்கம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பெண் சொன்னதைக் கேளுங்கள். காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. திரும்பிப் போனபோது மேற்பார்வையாளர் கை நீட்டி எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டார், வாங்கிக்கொண்டார், போய்விட்டார். பக்கத்து மெஷினில் நிற்கும் மலாய்க்கார அக்கா, "உன் இடத்துல வேற ஆளைப் போட்டாங்க, எனக்குக் கையே ஓடல. முகம் ஏன் இன்னும் வாடியிருக்கு?" என்று கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவளுக்காக எடுத்து வைத்திருந்த பலகாரத்தைக் கொடுத்தாராம். கவனிப்பு, அக்கறை, சார்பு மூன்றும் அந்த இரண்டு வரியில் இருக்கின்றன. இந்தப் பெண் வேறு தொழிற்சாலையில் கூடுதல் சம்பளம் கிடைத்தும் போகவில்லை. காரணம் கேட்டால் அந்த அக்காவைத்தான் சொல்கிறார்.

3. "என்னை நானே மதிச்சாப் போதும்னு யூடியூப்ல சொல்றாங்களே? அடுத்தவங்க மதிப்பு எதுக்கு?"

தன்மதிப்பு வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அது வேறு, இது வேறு. தன்மதிப்பை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் பத்து வாக்கியப் பட்டியலை 1965இல் உருவாக்கியவரே ரோசன்பர்க்தான். அதே மனிதர் பிறகு, அது மட்டும் போதாது, நாம் பிறருக்கு முக்கியம் என்ற உணர்வைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

கோலாலம்பூரில் நல்ல சம்பளத்தில், சொந்தக் கொண்டோவில் தனியாக இருக்கும் ஓர் இளைஞருக்குத் தன் திறமையில் குறையே தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவு குளியலறையில் வழுக்கி விழுந்தால் திங்கட்கிழமைதான் யாருக்காவது தெரியும் என்ற நினைப்பு வந்தால் நெஞ்சு கனக்கும். எத்தனை முறை கண்ணாடி முன்னால் நின்று 'நான் உயர்ந்தவன்' என்று சொல்லிக்கொண்டாலும் அந்தக் கனம் போகாது. அது இன்னொரு ஆள் வந்துதான் போக்க வேண்டியது.

4. "ஓவர்டைம் போட்டு உழைக்கிறதே பிள்ளைக்காகத்தான். அவன் 'உங்களுக்கு நான் முக்கியமே இல்ல'ங்கிறான். எப்படி அவனுக்கு மனசு வருது?"

இந்தக் கேள்வியைக் கேட்கும் அப்பாக்களின் கண் கலங்கிப் பார்த்திருக்கிறேன். உங்கள் பாசம் உண்மை. அது அவனுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி. நீங்கள் கட்டும் டியூஷன் பணம் அவன் கண்ணில் படுவதில்லை. இரவு ஒன்பதுக்கு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் கைப்பேசியோடு உட்காரும் அப்பாதான் படுகிறார். வந்ததும் கேட்பது "ஹோம்வொர்க் முடிச்சியா? மார்க் எவ்வளவு?" என்றால், வீட்டில் முக்கியமானது மார்க், தான் இல்லை என்று அவன் எடுத்துக்கொள்வான். மார்க் குறைந்த மாதம் அவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நேரம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். போன வாரம் அவன் வாய்விட்டுச் சொன்ன ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக் கேளுங்கள். "அந்த ஃபுட்சால் மேட்ச்சுல உன்னை இறக்கினாங்களா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். தான் இல்லாத நேரத்திலும் அப்பா தன்னை நினைத்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், "நீ படிச்சாப் போதும், வேற ஒரு வேலையும் செய்ய வேணாம்" என்று நம் வீடுகளில் அன்பாகச் சொல்லும் வார்த்தையை மறுபடி யோசியுங்கள். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதோ, சனிக்கிழமை சோறு வடிப்பதோ அவன் பொறுப்பாக இருக்கட்டும். தன்னை நம்பி வீட்டில் ஒன்று நடக்கிறது என்று தெரியாத பிள்ளைக்கு, அந்த வீட்டில் தான் விருந்தாளி என்றுதான் தோன்றும்.

5. "அப்பாவை ராஜா மாதிரி வெச்சிருக்கோம். துரும்பைக்கூட நகர்த்த விடறதில்ல. ஆனா ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஆளே சுருங்கிட்டார். ஏன்?"

நீங்கள் சொன்ன இரண்டாவது வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது.

மலேசியாவில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. 2013 ஜூலையிலிருந்து தனியார் துறைக்கும் அதுதான் சட்டம். அறுபது வரை ஒரு மனிதரை நம்பி லாரி ஓடியிருக்கும், ஒரு ஸ்டோர் திறந்திருக்கும், புதிதாக வந்த பையன்கள் வேலை கற்றிருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலையோடு அதெல்லாம் நின்றுவிடுகிறது. தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு இந்த இழப்பு இரண்டாவது தடவை. லயத்து வீடுகளில் இருந்தவரை யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் தேடப்பட்டவர்கள் அவர்கள். தோட்டம் கைமாறி, பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாமல் போயிற்று.

செபராங் பிறையில் ஒரு குடும்பத்தில் பார்த்தது இது. அந்த அப்பா மாதம் ஒருநாள் மின்சார பில்லும் தண்ணீர் பில்லும் எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு தபால் நிலையத்துக்குப் போவார். முகப்பில் இருக்கும் பெண் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். வரும் வழியில் கோப்பிக் கடையில் நாலு பேரைப் பார்ப்பார், பாசாரில் மீன் வாங்குவார், வீட்டுக்கு வந்து மிச்சச் சில்லறையை மேசையில் எண்ணி வைப்பார். மகன் ஒருநாள், "எதுக்குப்பா வெயில்ல அலையறீங்க? நான் போன்லயே கட்டிடறேன்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அந்த மாதத்திலிருந்து அவருக்கு இஸ்திரிச் சட்டை போட வேண்டிய காரணம் இல்லாமல் போயிற்று. முகம் மழிப்பதும் குறைந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தவில்லை என்று மகன் அவரை என்னிடம் கூட்டி வந்தபோதுதான் இந்தக் கதை வெளியே வந்தது.

பில்லைத் திருப்பி அவர் கையில் கொடுக்கச் சொன்னேன். உங்கள் வீட்டில் அது பில்லாக இருக்க வேண்டியதில்லை. பேரனைத் தமிழ்ப்பள்ளிக்குக் கூட்டிப்போவதாக இருக்கலாம், பழுதான குழாயாக இருக்கலாம், பழைய சொந்தபந்தங்களின் உறவுமுறையைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பதாக இருக்கலாம். ஒரு சோதனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: அவர் அதைச் செய்யாவிட்டால் உண்மையிலேயே ஏதாவது நிற்க வேண்டும். பொழுதுபோக்குக்காகக் கொடுத்த வேலை என்றால் அவருக்கு உடனே தெரிந்துவிடும், இன்னும் சுருங்குவார். முதுகுவலியோ கண் மங்கலோ இருந்தால் வேலையின் அளவைக் குறையுங்கள், வேலையையே பிடுங்காதீர்கள். திடீரென்று சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குறைந்திருந்தால் கிளினிக்கிலும் காட்டுங்கள், மனச்சோர்வுக்கு வைத்தியம் உண்டு.

6. "எங்க வீட்டுல அம்மா இல்லாம ஒண்ணுமே ஓடாது. அவங்க போய் 'நான் யாருக்கும் வேணாம்'னு அழறாங்களே, இது என்ன கணக்கு?"

2ஆம் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். அம்மாவிடம் சார்பு நிறைய இருக்கிறது, மற்றது ஒன்றும் இல்லை. ஆள் தேவைப்படுகிறார், ஆனால் ஆளை யாரும் பார்ப்பதில்லை. சோறு மேசைக்கு வருகிறது, யார் கையால் வந்தது என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை. உப்பு குறைந்தால் மட்டும் பேர் வருகிறது. 5ஆம் கேள்வியில் வந்த அப்பாவுக்கு நேர் எதிரான நிலை இது.

ஐசக் பிரில்லெல்டென்ஸ்கி என்ற உளவியலாளர் இதை இரண்டு தட்டாகப் பிரிக்கிறார். பிறரால் மதிக்கப்படுவது ஒன்று, பிறருக்கு நாம் பயன் தருவது இன்னொன்று. இரண்டும் வேண்டும். நம் அம்மாக்களுக்கு இரண்டாவது தட்டுதான் நிறைந்து கிடக்கிறது. அதனால் அன்னையர் தினத்துக்கு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனால் தீராது. அம்மாவிடம் சமையல் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி கேளுங்கள். அவருக்கு எந்த ஊருக்குப் போக ஆசை, சின்ன வயதில் யார் தோழி, இப்போது முட்டி எப்படி இருக்கிறது. பதில் முடியும் வரை உட்கார்ந்து கேளுங்கள்.

7. "சம்பளம் கொடுக்கிறேன், போனஸ் கொடுக்கிறேன். வேலைக்காரங்களுக்கு இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?"

செந்தூலில் கடை நடத்தும் ஒருவர் கேட்டது. சம்பளம் சரியாகத் தராமல் பாராட்டு மட்டும் தருவது ஏமாற்று வேலை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒழுங்காக இருந்தால் அடுத்தது உங்கள் வாயில் இருக்கிறது. ஆடம் கிரான்ட், ஃபிரான்செஸ்கா ஜீனோ இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போன் செய்து நன்கொடை திரட்டும் ஊழியர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் மேலதிகாரி நேரில் வந்து, உங்கள் உழைப்புக்கு நன்றி என்று சொன்னார். அடுத்த வாரம் அவர்கள் செய்த அழைப்புகள் பாதிக்கு மேல் கூடின. நன்றி கேட்காதவர்களிடம் மாற்றமில்லை. இன்னொன்றையும் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். தன் திறமை மேல் நம்பிக்கை கூடியதால் வந்த மாற்றமல்ல இது. தன் வேலை பிறருக்கு மதிப்புள்ளது என்ற உணர்வு கூடியதால் வந்தது.

'மாதத்தின் சிறந்த ஊழியர்' படம் மாட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒருவர் சிரிக்க மற்ற எல்லோரும் தாங்கள் இல்லை என்று தெரிந்துகொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை, அவர் செய்த குறிப்பிட்ட வேலையைச் சொல்லுங்கள்: "நேத்து அந்தக் கஸ்டமர் சத்தம் போட்டப்ப நீ நிதானமா பேசுன, கடை பேரு தப்பிச்சது." அமெரிக்கப் பொது சுகாதாரத் தலைமை மருத்துவர் அலுவலகம் 2022இல் வெளியிட்ட வேலையிட நலக் கட்டமைப்பில், ஐந்து தூண்களில் ஒன்றாகவே இந்த உணர்வை வைத்திருக்கிறார்கள்.

8. "என் டிக்டாக்குக்கு ஆயிரக்கணக்குல லைக் வருது. ஆனா ராத்திரி வெறுமையா இருக்கே, ஏன் ஆன்ட்டி?"

லைக் போட்டவர்கள் உன் காணொளியைக் கவனித்தார்கள். நாளைக்கு நீ போடாவிட்டால் யார் தேடுவார்? 'தங்கச்சி ஏன் ரெண்டு நாளா காணோம்' என்று கேட்கும் ஆள் ஒருவர் இருந்தாலும் அது அந்த ஆயிரத்தைவிடப் பெரிது. காணொளி போடு, தப்பில்லை. அந்த ஒருவரைத் தேடுவதையும் விடாதே.

9. "சொல்லணும்னு தோணுது, வாய் வரல. 'நீங்க எனக்கு முக்கியம்'னு சொன்னா சினிமா டயலாக் மாதிரி இருக்காதா?"

அப்படியே சொன்னால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், நம் பழக்கம் அது இல்லை. நம்மவர்கள் சாப்பாட்டில் காட்டுவார்கள், பழம் நறுக்கி வைப்பார்கள், விமான நிலையத்துக்கு விடியற்காலை நாலு மணிக்கு வந்து நிற்பார்கள். அதெல்லாம் பெரிய அன்பு. ஆனால் வாங்குகிறவருக்கு அது கடமையா, தனக்காகச் செய்ததா என்று சில சமயம் தெரியாமல் போகிறது. அதனால் செயலோடு ஒரு வரி சேருங்கள். "போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீங்க ராத்திரி வந்து உக்காந்தீங்கண்ணே, அதை நான் மறக்கல." இதில் சினிமா ஒன்றுமில்லை, நடந்ததுதான் இருக்கிறது.

நேரில் வராவிட்டால் எழுதுங்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் 'படிப்பவருக்கு ஒரு மாதிரி சங்கடமாக இருக்கும்' என்று கணித்தார்கள். படித்தவர்களைக் கேட்டால் அவ்வளவு சங்கடப்படவே இல்லை, எழுதியவர்கள் நினைத்ததைவிட மிகக் கூடுதலாகச் சந்தோஷப்பட்டிருந்தார்கள். எழுதுகிறவர் தன் வாக்கியம் சரியா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க, படிக்கிறவர் அதிலுள்ள அன்பைத்தான் பார்க்கிறார். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குரல் பதிவு போட்டாலும் போதும். எல்லோருக்கும் போகும் 'காலை வணக்கம்' பூப்படத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள்.

10. "கோவில், சங்கம்னு எல்லாத்துலயும் இருக்கேன். ஆனாலும் தனியாத்தான் இருக்கேன்னு தோணுது. கூட்டத்துல இருந்தா சரியாயிடும்னு சொன்னாங்களே?"

கூட்டத்தில் ஒருவராக இருப்பதும் கூட்டத்துக்கு முக்கியமானவராக இருப்பதும் ஒன்றல்ல. சேர்ந்திருக்கும் தேவை மனிதனுக்கு அடிப்படையானது என்று ராய் பாமைஸ்டரும் மார்க் லியரியும் 1995இல் விரிவாக எழுதினார்கள். அது ஒரு படி. நீங்கள் வராத நாளில் அங்கே ஒரு வெற்றிடம் தெரிகிறதா என்பது அடுத்த படி.

பினாங்குத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர் பந்தல்கள். அங்கே போய் நின்று கவனியுங்கள். ரதம் பார்க்க வந்த கூட்டத்தில் தனிமை தெரியும் முகங்கள் உண்டு. பந்தலுக்குப் பின்னால் பெரிய அண்டாவில் மோர் கலக்குகிறவர், காகிதக் குவளை அடுக்குகிற பையன், "ஐஸ் எங்கடா, இன்னும் காணோம்" என்று தேடப்படுகிற ஆள், இவர்கள் முகம் வேறு மாதிரி இருக்கும். கால் வலிக்கும், தூக்கம் இருக்காது, ஆனாலும் அடுத்த வருடம் வருவார்கள். அதனால் சங்கத்தில் உறுப்பினராக மட்டும் இராமல் ஒரு சின்னப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். நாற்காலி கணக்கு பார்ப்பதாக இருந்தாலும் சரி.

நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இளைஞர்கள் கோவிலுக்கு வருவதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். வந்தவர்களிடம் மேசை தூக்க மட்டும் சொல்லிவிட்டு முடிவெடுக்கும்போது கதவைச் சாத்தினால் எப்படி வருவார்கள்? சமையற்கட்டில் நிற்கும் பெண்களையும் நன்றியுரையின் கடைசி வரியில் 'மற்றும் மகளிர்' என்று முடித்துவிடாதீர்கள்.

11. "பையன் ஒரு கும்பல்ல சேர்ந்துட்டான். வீட்டுல என்ன குறை வெச்சோம்? அவனுங்க அவனுக்கு என்ன கொடுக்கிறானுங்க?"

வலிக்கும் பதில்தான். 2ஆம் கேள்வியில் சொன்ன மூன்றையும் கொடுக்கிறார்கள், அதுவும் உடனே கொடுக்கிறார்கள். அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கிறார்கள். அவனை யாராவது அடித்தால் பத்துப் பேர் கிளம்பி வருகிறார்கள். 'மச்சான், நீ இருந்தாத்தான்டா முடியும்' என்று ஒரு வேலையைக் கையில் கொடுக்கிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எந்த ஆசிரியரும் பேர் சொல்லிக் கூப்பிடாத பையனுக்கு அது எவ்வளவு பெரியது என்று பாருங்கள். வன்முறைக் குழுக்களில் சேர்பவர்களை ஆராய்ந்த ஆரி குருக்லான்ஸ்கியும், தானும் பொருட்படுத்தப்பட வேண்டும் என்ற தவிப்பை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார். அது ஒன்றே காரணமில்லை. பணம், பயம், இருக்கும் இடம் எல்லாம் சேரும்.

அவர்கள் தருவது விலை வைத்த மதிப்பு. சொன்னதைச் செய்யும் வரைக்கும்தான். இதை அவனிடம் சொல்லிப் புரியவைப்பதைவிட, விலையில்லாத ஒன்றை அவன் கண்ணில் காட்டுவதுதான் வேலை செய்கிறது. அவனிடம் ஒரு கை வேலை இருக்கும், மோட்டார் பழுது பார்ப்பானோ, உறுமி அடிப்பானோ, பந்து விளையாடுவானோ. அதை மதித்து அவனைத் தன் கீழ் வைத்துக்கொள்ளும் ஒரு பெரிய மனிதரைத் தேடுங்கள். மாமாவாக இருக்கலாம், பட்டறை முதலாளியாக இருக்கலாம். வீட்டுக் கதவு எந்த ராத்திரியும் திறந்திருக்கும் என்று சொல்லி வையுங்கள். ஆயுதமோ மிரட்டலோ வந்துவிட்டால் மட்டும் தனியாகச் சமாளிக்கப் பார்க்காமல் பள்ளியையும் காவல் துறையையும் நாடுங்கள்.

12. "எல்லாருக்கும் நான்தான் ஓடறேன். 'முடியாது'ன்னு ஒரு தடவை சொன்னா, அத்தோட மதிப்பு போயிடுமோன்னு பயமா இருக்கு."

ஒரு தடவை முடியாது என்று சொன்னதும் விலகுகிறவர்கள் உங்கள் உழைப்பைத்தான் விரும்பியிருக்கிறார்கள். அது தெரிவது வேதனை, ஆனால் தெரிவது நல்லது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சின்ன விஷயத்தில் தொடங்குங்கள்: "இந்த ஞாயிறு முடியாதுக்கா, அடுத்த வாரம் வர்றேன்." காரணப் பட்டியல் வேண்டாம். அக்கா "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ" என்றால் அங்கே நீங்கள் முக்கியம். இதோடு 6ஆம் பதிலையும் படியுங்கள், நீங்கள் அந்த அம்மாவின் பாதையில் போய்க்கொண்டிருக்கலாம்.

13. "நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதின்னு தோணுது. இதை யார்கிட்ட சொல்றது?"

முதலில், இதை வெளியே சொன்னதற்கு நன்றி. இன்றைக்கே ஒருவரிடம் பேசுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் இணைப்பு 15555, காலை 8 முதல் நள்ளிரவு வரை. தாலியான் காசே உதவி எண் 15999. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது.

'நான் பாரம்' என்ற நினைப்பு, தற்கொலை எண்ணத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது என்பதை தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் 2005லிருந்து வலியுறுத்தி வருகிறார். அது கணிப்புதான், உண்மை இல்லை என்பதையும் அவரே சொல்கிறார். மனச்சோர்வு அந்தக் கணிப்பைத் தப்பாகப் போட வைக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். நிம்மதி வந்த ஒரு வீட்டையும் பார்த்ததில்லை.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு: சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, தொடர் சிகிச்சையை மறுத்தவர்கள் 843 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள் அவ்வப்போது சின்னக் கடிதம் போனது. நலமா இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில், வேறு எதுவும் கேட்காமல். முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிரிவில் தற்கொலைகள் குறைவாக இருந்தன. பின்னால் மற்ற இடங்களில் செய்தபோது எல்லாவற்றிலும் இதே பலன் தெரியவில்லை, ஆகவே இது மருந்துக்குப் பதில் இல்லை. ஆனால் பதில் வராவிட்டாலும் விடாமல் விசாரித்துக்கொண்டே இருங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

14. "கேஎல்ல தனியா இருக்கேன், சொந்தக்காரங்க யாரும் இல்ல. முதல்ல யாருக்கு முக்கியமாகிறது, எங்க தொடங்கறது?"

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் எத்தனையோ சாப்பாட்டுக் கடை இருக்கிறது, ஒவ்வொரு நாளும் ஒரு கடை என்றால் யாருக்கும் உங்களைத் தெரியாது. ஒரே கடை, ஒரே நேரம் என்று வைத்தால் ஒரு மாதத்தில் கடைக்காரண்ணன் நீங்கள் உட்காரும் முன்பே தே தாரிக்கைச் சொல்லிவிடுவார். ஜிலியன் சான்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் இருவரின் ஆய்வில், காப்பிக் கடையில் காசு வாங்குபவரோடு சிரித்து இரண்டு வார்த்தை பேசியவர்களின் மனநிலை, சட்டென்று வாங்கிக்கொண்டு போனவர்களைவிட நன்றாக இருந்தது.

அதோடு நிறுத்தாமல், மாதம் ஒரு முறையாவது உங்கள் உழைப்பு தேவைப்படும் இடத்துக்குப் போங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு, அன்னதானம், இரத்ததான முகாம், உங்களுக்கு எது வருமோ அது. நாலு தடவை போனபின் ஒரு தடவை போகாமல் இருக்க வேண்டி வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்ல வேண்டிய நிலை வந்தாலே, எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

15. "இதெல்லாம் கேட்டப்புறம் என் அண்ணன் ஞாபகம் வருது. ஒரு காணித் தகராறுல பேச்சு விட்டுப்போச்சு. இப்போ போய்ப் பேசினா என்ன நினைப்பார்?"

9ஆம் பதிலில் சொன்ன கடிதக்காரர்கள் போலத்தான் நீங்களும் தப்பாகக் கணிக்கிறீர்கள். பெகி லியு என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. எதிர்பாராமல் ஒருவர் விசாரித்தால் மறுமுனையில் உள்ளவர் அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார் என்பதை, விசாரிப்பவர் குறைத்தே மதிப்பிடுகிறார். எதிர்பாராத விசாரிப்பு என்றால் மதிப்பு இன்னும் கூடுகிறது. அவர்கள் ஆராய்ந்தது தகராறில் பேச்சு விட்டுப்போன அண்ணன் தம்பிகளை அல்ல, ஆகவே உங்கள் அண்ணன் கோபப்படவே மாட்டார் என்று உறுதி தர முடியாது.

காணிப் பேச்சை எடுக்காதீர்கள். யார் சரி என்ற பேச்சும் இப்போது வேண்டாம். சின்ன வயதில் அவர் உங்களுக்குச் செய்த ஒன்றைச் சொல்லி, "அது ஞாபகம் வந்துச்சுண்ணே, அதான் கூப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். போன் எடுக்காவிட்டால் இதையே குரல் பதிவாக அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தீபாவளிக்கு முன்னால் இன்னொரு முறை அனுப்புங்கள், அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்து. அண்ணன் எடுத்துப் பேசும் அன்றைக்குக் கையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், பேச்சு நீளும்.